எழுபது வளைவு, எழுபது டிகிரி

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் கொல்லிமலைப் பேருந்தின் ஓட்டுநருக்கு இன்னொரு கண் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடிக்கிறார். எதிரே லாரி வருகிறதா, மாடு குறுக்கே நிற்கிறதா என்பது திரும்பி முடிக்கும்வரை தெரியாது. சோளக்காட்டை எட்டுவதற்குள் இப்படி 70 வளைவுகள்.

எலும்பு மருத்துவத்திலும் இந்த எண் உண்டு. இடுப்பு மூட்டுக்குள் நுழைக்கும் ஆர்த்ராஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழாயின் முனைக் கண்ணாடி பெரும்பாலும் 70 டிகிரி சாய்ந்தது. முழங்காலுக்கு 30 டிகிரி போதும். இடுப்புக்கு அது பற்றாது. இந்த இரண்டு 70-க்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் நேராகப் போக முடியாத இடத்துக்கு எப்படிப் போவது என்ற ஒரே சங்கடத்துக்குத்தான் சாலை போட்டவரும் கருவி செய்தவரும் விடை தேடியிருக்கிறார்கள். அந்தக் குழாய் இடுப்பு மூட்டுக்குள் போய்ச் சேர்ந்த கதை இது.

முதலில் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் தடிமன், பென்சிலைவிட ஒல்லி. ஒரு முனையில் கேமரா மாட்டும் இடம், பக்கத்தில் ஒளிக் கம்பி சொருகும் ஒரு சிறு காம்பு. மறுமுனை சாய்வாகச் சீவிய மூங்கில் போல இருக்கும். குழாயை நேராக நீட்டினால் நேரே இருப்பது தெரியாது, பக்கவாட்டில் இருப்பது தெரியும். குழாயை அசைக்காமல் அந்தக் காம்பை மட்டும் சுழற்றினால் பார்வை சுற்றிலும் திரும்பும். மேல், கீழ், முன், பின் என்று மூட்டின் விளிம்பு முழுவதையும் ஒரே இடத்தில் நின்றபடி சுற்றிப் பார்த்துவிடலாம்.

இதன் பாட்டனார் ஒரு மெழுகுவத்தி. 1806-ஐ ஒட்டி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஃபிலிப் போட்ஸினி என்ற இளம் மருத்துவர், தகரக் கூட்டுக்குள் மெழுகுவத்தியை வைத்து, அதன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடம்பின் துவாரங்களுக்குள் அனுப்பப் பார்த்தார். வியன்னாவின் மருத்துவப் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. 1809-ல் அவர் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். 1870-களின் இறுதியில் மாக்ஸ் நிட்ஸே, சிறுநீர்ப்பையைப் பார்க்க விளக்கும் கண்ணாடி வில்லைகளும் சேர்ந்த குழாயைச் செய்தார். சிறுநீர்ப்பை வெற்றுப் பை. தண்ணீர் ஊற்றி விரித்தால் உள்ளே எல்லாம் தெரியும். மூட்டு அப்படி இல்லை. எலும்பும் எலும்பும் இறுகிக் கிடக்கும் இடம் அது.

மூட்டுக்குள் அந்தக் குழாயை விட்டுப் பார்க்கும் துணிச்சல் டோக்கியோவில் வந்தது. 1918-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பைக் குழாயை இறந்த உடல் ஒன்றின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவரைத் துரத்தியது காசநோய். மூட்டுக் காசநோய் வந்தால் முழங்கால் விறைத்து மடங்காமல் போய்விடும். நாற்காலியில் உட்காரும் நாட்டில் அது ஓர் ஊனம், அவ்வளவுதான். தரையில் மண்டியிட்டு உண்டு, தரையிலேயே உறங்கும் ஜப்பானில் அது வீட்டு வாழ்க்கையையே பறித்துவிடும். சம்மணம் போட்டு இலை முன் அமரும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் விறைப்பதற்கு முன்பே நோயைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பதே டகாகியின் ஆசை.

முழங்கால் வழிவிட்டது. இடுப்பு விடவில்லை. 1931-ல் நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் இறந்த உடல்களின் மூட்டுகளில் இந்தக் குழாயை வரிசையாகச் சோதித்தார். தொடை எலும்பின் பந்துக்கும் இடுப்பெலும்பின் கிண்ணத்துக்கும் நடுவே ஓர் ஊசியைக்கூட நுழைக்க முடியாது என்று எழுதிவைத்தார். சுற்றுப்புறத்தைத்தான் அவரால் பார்க்க முடிந்தது, உள்ளறையை அல்ல. 1939-ல் டகாகி நான்கு நோயாளிகளின் இடுப்பு மூட்டுகளைப் பார்த்ததாக எழுதினார். காசநோய், சீழ், நரம்பு கெட்டுச் சிதைந்த மூட்டு என்று எல்லாமே முற்றிய கேடுகள். அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இடுப்பு மூட்டை அந்தக் கருவி மறந்தே போனது.

கருவி சும்மா இருக்கவில்லை. டகாகியின் மாணவர் மசாகி வதனாபே 1950-களின் இறுதியில் தன் 21-ஆம் எண் குழாயைச் செய்து முடித்தார். 1962-ல் முழங்காலின் கிழிந்த குருத்தெலும்பை அதன் உதவியாலேயே வெட்டியும் எடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த 1964-ல் கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் வந்து வித்தையைக் கற்று, ஊருக்கு எடுத்துப் போனார். வட அமெரிக்காவில் அது பரவியது அப்படித்தான். ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. 21-ஆம் எண் குழாயின் முனையில் சிறு பல்பு எரியும். அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடலாம்.

பல்பை உடம்புக்கு வெளியே வைத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். இங்கே கதைக்குள் ஓர் இந்தியர் வருகிறார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஒளி நேர்க்கோட்டில்தான் போகும் என்று பள்ளி ஆசிரியர் சொன்னது தன்னைச் சீண்டியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளின் கட்டு வழியே படத்தை வளைத்துக் கொண்டுபோக முடியும் என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார். அதே ஹாப்கின்ஸ் 1959-ல் குழாய்க்குள் வரிசையாகக் கண்ணாடித் தண்டுகளை அடுக்கி, மங்கலான காட்சியைப் பளிச்சென்று ஆக்கினார். இன்று அறுவை அரங்கில் பெட்டிக்குள் எரியும் விளக்கின் ஒளி ஒரு கறுப்புக் கம்பிக்குள் வளைந்து நெளிந்து வந்து குழாயின் முனையில் விடிகிறது. 2021-ல், இறந்த மறு ஆண்டு, கபானிக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

ஒளி வளைந்துவிட்டது. ஆனால் கதவு? 1977-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிராஸ் குழந்தைகளின் இடுப்பு மூட்டுக்குள் பார்த்து எழுதினார். 1986-ல் சுவீடனின் எய்னர் எரிக்சன் குழுவினர், பந்தையும் கிண்ணத்தையும் விலக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார்கள். மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்த பிறகும் காலில் அரை மூட்டையிலிருந்து ஒரு மூட்டை சிமென்ட் வரை தொங்கவிட்டாற்போல இழுக்க வேண்டியிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் ஜேம்ஸ் கிளிக் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து நுழையும் வழியை வகுத்தார். 1986-லேயே ஜப்பானிய மருத்துவர்கள் சிலர், கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருப்பதைக் குழாய் வழியே நேரில் கண்டதாக எழுதினார்கள். கருவி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தான் தேடவேண்டியதைத் தேடிப் பிடித்த இடம் அதுதான்.

அந்த விளிம்பு என்ன? பள்ளிப் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். தொடை எலும்பின் தலை பந்து, இடுப்பெலும்பின் குழி கிண்ணம். கிண்ணத்தின் வாயைச் சுற்றி ரப்பர் போன்ற குருத்தெலும்பு வளையம் ஒன்று ஓடுகிறது. மருத்துவர்கள் அதை லேப்ரம் என்கிறார்கள். குக்கர் மூடியின் கேஸ்கெட்டை நினைத்துக்கொண்டால் போதும். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம் கசியாமல் காப்பது அது. அது சரியாகப் பொருந்தியிருக்கும்வரை பந்து கிண்ணத்தை உறிஞ்சிப் பிடித்திருக்கும். கேஸ்கெட் கிழிந்தால் விசில் வராது, சோறு வேகும் நேரம் மாறும். லேப்ரம் கிழிந்தால் திரவம் நழுவுகிறது, எலும்பின் மேல்பூச்சுக்குப் பாரம் கூடுகிறது. வளையத்தின் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. வெட்டுக்காயம் ஆறுவது போல அது தானாக ஆறுவதில்லை.

ஏன் கிழிகிறது? விபத்திலும் பிறவியிலேயே ஆழம் குறைந்த கிண்ணத்திலும் கிழியலாம். பலருக்கு விடை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து வந்தது. அங்கே ரைன்ஹோல்ட் கான்ஸ், பந்தின் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றிக்கொண்டே மூட்டைக் கழற்றித் திறக்கும் முறையை வகுத்து, 213 மூட்டுகளின் அனுபவத்தை 2001-ல் வெளியிட்டார். திறந்து திறந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. பந்தின் கழுத்தில் ஒரு மேடு, அல்லது கிண்ணத்தின் விளிம்பு கொஞ்சம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பது. தொடையை மடக்கித் திருப்பும்போதெல்லாம் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. நடுவில் மாட்டுவது லேப்ரம். 2003-ல் கான்ஸ் குழுவினர் இந்த முட்டலை மூட்டுத் தேய்மானத்தின் ஒரு காரணமாக முன்வைத்தார்கள். அதிலிருந்து கிழிசலை வெட்டி எறிவதோடு வேலை முடிவதில்லை, மேட்டையும் செதுக்க வேண்டும் என்றானது.

இப்போது மலைக்கு வருவோம். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலையே நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது. மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடியில் மிளகு பறிக்கிறவர் ஒற்றை மூங்கில் ஏணியில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மடக்கி, உடம்பைத் திருப்பி எட்டிப் பறிப்பார். மருத்துவர் மேசையில் படுக்கவைத்துச் செய்யும் சோதனையும் இதேதான். தொடையை மடக்கு, உள்ளே சாய், உள்பக்கமாகத் திருப்பு. கிழிந்த விளிம்பு இருந்தால் அந்தக் கணத்தில் சுருக்கென்று தைக்கும்.

அப்படி ஒருவருக்கு வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் போய்ச் சேருவது சந்தைக்கு. கொல்லிமலைச் சந்தைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மேலெல்லாம் செம்பட்டை ரோமம், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் சூப். முடவனையும் நடக்கவைக்கும் என்ற நம்பிக்கை பேரிலேயே இருக்கிறது. மலைக் குளிரில் அந்தச் சூட்டுக்கு ஒரு சுகம் உண்டு, மறுக்க வேண்டாம். கிழிந்த கேஸ்கெட்டை மட்டும் அது தைக்காது.

அடுத்த வளைவு நம் மொழியிலேயே இருக்கிறது. இடுப்பு என்று எதைச் சொல்கிறோம்? சேலை செருகும் இடம் இடுப்பு. குழந்தையை வைத்துக்கொள்ளும் இடம் இடுப்பு. குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்ளும் முதுகின் அடியும் இடுப்பு. பிரசவ வேதனைக்கும் இடுப்பு வலி என்றுதான் பெயர். தொடை எலும்பு உடம்போடு சேரும் மூட்டுக்கு மட்டும் வாயில் புழங்கும் தனிப்பெயர் கிடையாது. அந்த மூட்டின் வலி பெரும்பாலும் தெரிவது முன்பக்கத்தில், தொடை இடுக்கில். அந்த இடத்தைத் தொட்டுக் காட்டக் கூச்சம், பெண்களுக்கு இன்னும் கூடுதல். “இடுப்பு வலிங்க” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கேட்டவர் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எழுதுகிறார். படத்தில் வயதுக்கேற்ற தேய்மானம் ஏதாவது தெரியும். மாத்திரை, பெல்ட், ஓய்வு. வலி அதன் இடத்திலேயே இருக்கும்.

இது மலைக்கு மட்டும் நேர்கிற கதி அல்ல. லேப்ரம் கிழிந்த 66 அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஒரு கட்டுரை, வலி தொடங்கியதிலிருந்து சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக 21 மாதங்கள் ஆனதாகவும், அதற்குள் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களைப் பார்த்திருந்ததாகவும் சொல்கிறது. எம்.ஆர்.ஐ. தெருவுக்குத் தெரு இருக்கும் நாட்டிலேயே அப்படி.

பெயரைவிட நம்பகமானது கை. “வலிக்கிற இடத்தைக் காட்டுங்க” என்றால், மூட்டு வலிக்காரர் பலர் தம்மை அறியாமலே ஒரே மாதிரி செய்வார்கள். கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, இடுப்பின் பக்கவாட்டைப் பிறைபோலக் கவ்விக் காட்டுவார்கள். கதிர் அறுக்கும் அரிவாளின் வளைவு. வலி அந்தப் பிறைக்குள் ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கூடவே சில கேள்விகள். பேருந்தில் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போது வலிக்கிறதா? நடக்கையில் உள்ளே சொடுக்குச் சத்தம் வருகிறதா? குந்தி உட்கார்ந்தால் பிடித்துக்கொள்கிறதா? செருப்பு மாட்டக் குனியும்போது? செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை. கருவி எதுவும் வேண்டாம்.

கேட்டு முடித்த பின் படங்கள். கீழ் இடுப்பு முழுவதையும் எடுக்கும் எக்ஸ்ரேயில் கிழிசல் தெரியாது, ஆனால் எலும்பின் மேடு தெரியும், கிண்ணத்தின் ஆழம் தெரியும், தேய்மானம் எவ்வளவு என்று தெரியும். டகாகியைத் துரத்திய காசநோய் இங்கே இன்னும் போய்விடவில்லை. அதையும், பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவதையும், குடலிறக்கத்தையும் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே நகர வேண்டும். கிழிசலைத் துல்லியமாகக் காட்ட, மூட்டுக்குள் சாயத் திரவத்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பதுண்டு. திரவம் கிழிசலுக்குள் புகுந்து அதைக் கோடு போட்டுக் காட்டும். இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, வலித்த அதே அசைவைச் செய்யச் சொல்வது. வலி காணாமல் போனால் ஊற்று மூட்டுக்குள்ளேதான். போகாவிட்டால் வேறெங்கோ தேட வேண்டும்.

படத்தை மட்டும் நம்பினால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. இடுப்பில் எந்த வலியும் இல்லாத 45 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. சராசரி வயது 38-க்குள். 69 சதவீதத்தினரின் படங்களில் லேப்ரம் கிழிசல் தெரிந்தது. படத்தில் கிழிசல் இருக்கிறது என்பதாலேயே வலி அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. கை காட்டிய இடமும், அசைத்தபோது வந்த வலியும், படமும் மூன்றும் ஒன்றைச் சொன்னால்தான் கிழிசலைக் குற்றவாளி என்று நிறுத்தலாம்.

நிறுத்திய பிறகும் முதல் சிகிச்சை குழாய் இல்லை. பயிற்சி. பிட்டத்தின் தசைகளையும் வயிற்றைச் சுற்றிய தசைகளையும் பலப்படுத்துவது, ஆழக் குந்துவதையும் மடக்கித் திருப்புவதையும் கொஞ்ச காலம் தவிர்ப்பது, வலி குறைக்கும் மருந்து. எலும்பு முட்டலுக்கு எது மேல் என்று பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில் 348 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரு பாதிக்குக் குழாய் வழி அறுவை, மறுபாதிக்கு ஆளுக்கேற்ற பயிற்சி. ஓராண்டு கழித்து இரு தரப்பும் முன்னேறியிருந்தன. அறுவைத் தரப்பு 100-க்கு 6.8 புள்ளிகள் கூடுதலாக முன்னேறியிருந்தது. பயிற்சி வீணில்லை, அறுவையும் வீணில்லை. பயிற்சிக்குப் பிறகும் வலிப்பவருக்குக் குழாய்.

மலையில் இருப்பவருக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. அறுவைக்குக் கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கலாம். பயிற்சிக்கு அப்படி இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்த்தி. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தது. நீளமான பாதையின் முதல் பாதியை மலையை ஒட்டியே நடந்துவிடலாம், பெயர் மட்டும் சரியாகக் கிடைத்துவிட்டால்.

குழாயின் நாள் வந்தால் அரங்கில் என்ன நடக்கிறது? இரண்டு காலும் பூட்ஸில் கட்டியிருக்கும். கவட்டைக்கு நடுவே பஞ்சு சுற்றிய ஒரு தூண். மேசையின் திருகைச் சுற்றச் சுற்றக் கால் இழுபடும். எக்ஸ்ரே திரையில் பந்தும் கிண்ணமும் மெல்ல விலகும். நீள ஊசி ஒன்று தோல், கொழுப்பு, தசை, மூட்டுறை என்று ஒவ்வொன்றாகத் துளைத்துப் போகும். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஓரிக்குத் தைத்தால் போதும். இங்கே தைக்க வேண்டியதைத் தவிர வேறெதையும் தைக்காமல் போக வேண்டும். ஊசி மூட்டுக்குள் நுழைந்ததும் காற்று புகுந்து, அந்த உறிஞ்சிய பிடி விடும். இடைவெளி சட்டென்று இன்னும் கொஞ்சம் திறக்கும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பர்மன் முடியாது என்ற இடம் அதுதான்.

ஊசிக்குள் வளையும் கம்பி, கம்பியின் மேல் குழல், குழலுக்குள் கண்ணாடி. உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் வெண்மையான பந்து நிலாப்போலத் தெரியும். காம்பைத் திருப்பினால் விளிம்பு. கிழிந்த இடம் குளத்துப் பாசி மாதிரி நீரோட்டத்தில் ஆடும். இன்னொரு துளை வழியே எலும்பில் சிறு ஆணி இறங்கும். அதன் நூலால் கிழிசலைச் சேர்த்துக் கட்டுவார்கள். மேடு இருந்தால் சீவுவார்கள். இழுவையை இரண்டு மணி நேரத்துக்குள் தளர்த்திவிடப் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் கவட்டை நரம்புகள் மரத்துப்போகும். பிறகு சில வாரம் ஊன்றுகோல், சில மாதம் பயிற்சி. அதுவரை குந்துவதும் சம்மணமும் கூடாது. குந்தும் கழிப்பறை உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை, முன்கூட்டியே பேசிவிட வேண்டிய விஷயம். எலும்பின் பூச்சே தேய்ந்துபோனவருக்குக் கேஸ்கெட்டைத் தைத்துப் பயன் குறைவு. அவர் பாதை மாற்று மூட்டுக்குப் போகும்.

மெழுகுவத்தியிலிருந்து இங்கே வர இருநூறு ஆண்டு ஆகியிருக்கிறது. குழாய் இப்போது மூலை திரும்பிப் பார்க்கிறது, ஒளி வளைந்து போகிறது. ஆனால் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதை ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். 70 வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு ஒரு நொடி காத்திருக்கும் ஓட்டுநரைப் போல, எழுதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எங்கே வலிக்குதுன்னு கையை வச்சுக் காட்டுங்க” என்று கேட்டுக் காத்திருந்தால் போதும். மிளகு பறித்த கை பிறைபோல இடுப்பைக் கவ்வும்.